மடியில் குழந்தை, கையில் படப்புத்தகம்: மழலைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்

அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு தம்பி இருந்தார். அப்போதுதான் பால்குடி மறந்த பருவம். அவர் ஒரு சின்னஞ்சிறு குருவியை வளர்த்து, அதோடு விளையாடிக்கொண்டிருந்தார். அந்தக் குருவியின் பெயர் நுகைர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து, குருவி என்ன செய்கிறது என்று விசாரிப்பார்கள். குருவி இறந்துபோய்க் குழந்தை வாடியிருந்த நாளிலும் இப்படித்தான் பேச்சுக் கொடுத்தார்கள் என்று அறிவிப்புகள் கூறுகின்றன.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள இந்த ஹதீஸ் அளவில் மிகச் சிறியது. ஆனால் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள், இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பாடங்களை எடுத்துத் தனி நூலாகவே எழுதினார்கள்.

குழந்தை வளர்க்கும் நாம் இதிலிருந்து நான்கு விஷயங்களைக் கவனிக்கலாம். ஒன்று, குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்தது. இரண்டு, குழந்தைக்குப் பிடித்த பொருளைப் பற்றியே பேசியது. மூன்று, பதில் சொல்லும்படி கேள்வி கேட்டது. நான்கு, உமைர் - நுகைர் என்று ஓசை ஒத்து வரும் சொற்களால் அதைக் கேட்டது. இன்று உலகெங்கும் குழந்தை வளர்ச்சி நிபுணர்கள் ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள மழலைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் முறையாகச் சொல்வதும் ஏறக்குறைய இந்த நான்கைத்தான்.

இந்தக் கட்டுரை, அப்படி மடியில் உட்கார வைத்து வாசிக்க ஏற்ற சில படப்புத்தகங்களைப் பற்றியும், அவற்றை நம் வீடுகளில் எப்படி வாசிப்பது என்பதைப் பற்றியும் பேசுகிறது.

பத்து நிமிடம் எங்கே போயிற்று?

சென்னை - அரக்கோணம் புறநகர் ரயில் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது வேப்பம்பட்டு. இங்கே மனை வாங்கி, வீடு கட்டிக் குடிவந்த குடும்பங்களில் பலரின் வேலை அம்பத்தூர், ஆவடி, திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி என்று சிதறிக் கிடக்கிறது. ஃபஜ்ர் முடிந்ததும் ரயிலையோ கம்பெனி பஸ்ஸையோ பிடிக்க ஓடும் அத்தா, இரவு வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஷிப்ட் மாறினால் அதுவும் மாறும். கூட்டுக் குடும்பத்தை ஊரில் விட்டு வந்ததால், பகல் முழுதும் வீட்டில் உம்மாவும் குழந்தையும் மட்டும். சமையல், துணி, தண்ணீர், தொழுகை எல்லாவற்றுக்கும் இடையில் குழந்தை அடம்பிடித்தால் கைக்கு எட்டுவது செல்போன்தான். சோறு ஊட்டவும் செல்போன், தூங்க வைக்கவும் செல்போன்.

இதில் பெற்றோரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் குழந்தை இழப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு வயதுக்கும் குறைந்த குழந்தைக்குத் திரையே வேண்டாம், ஒரு வயதுக் குழந்தைக்கும் வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்றது. குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் அதற்குப் படித்துக் காட்டுவதையும் கதை சொல்வதையும் அதே வழிகாட்டுதல் ஊக்குவிக்கிறது.

திரை பேசும், ஆனால் குழந்தை சொல்வதைக் கேட்காது. குழந்தை 'கா... கா...' என்று சன்னலைக் காட்டினால், திரையில் ஓடும் பாட்டு நிற்காது. மடியில் வைத்து வாசிக்கும் உம்மா நிறுத்துவார். "ஆமாம்டா தங்கம், காக்கா! நம்ம வீட்டு மதில்ல வந்து உட்காருமே, அந்தக் காக்கா" என்பார். பேச்சு வளர்வது இந்தப் போக்குவரத்தில்தான்.

1988-இல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 21 முதல் 35 மாதம் வரையுள்ள குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பிரிவினருக்கு, வெறுமனே வாசித்துக்கொண்டே போகாமல் குழந்தையிடம் கேள்வி கேட்டு, அது சொல்லும் பதிலைக் கொஞ்சம் விரித்துத் திருப்பிச் சொல்லும் முறையைப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள், வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளை விடப் பேச்சுத் திறனில் பல மாதங்கள் முன்னே இருந்தார்கள். இரு பிரிவினரும் வாசித்தவர்கள்தான். வாசித்த விதம்தான் வேறுபட்டது.

2022 ஜூன் 13 அன்று தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நமது திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் படிப்பை இழந்த பிள்ளைகளை மீட்டெடுக்கும் அந்தத் திட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் பெரும்பகுதி வீட்டின் பொறுப்பு. பள்ளி ஈடு செய்ய மிகவும் சிரமப்படுவதும் அந்த ஆண்டுகளின் இழப்பைத்தான்.

வயதுக்கு ஏற்ற வாசிப்பு

ஒரு வயதை ஒட்டிய குழந்தை புத்தகத்தைக் கடிக்கும், கிழிக்கும், தலைகீழாகப் பிடிக்கும். அதுவும் புத்தகத்தோடு பழகும் வழிதான். இந்த வயதுக்குக் கெட்டி அட்டைப் புத்தகங்கள் பொருத்தம். பக்கத்துக்கு ஒரு படம் போதும். விரலை வைத்துப் பெயர் சொல்லுங்கள்: "பந்து... பூனை... ஆப்பிள்." வரிகளை வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒன்றரை வயதுக்கு மேல் குழந்தை எதிர்பார்க்கத் தொடங்கும். அடுத்த பக்கத்தில் யானை வரப்போகிறது என்று அதற்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி, "அடுத்து யாரு வரப்போறா?" என்று கேட்டு அதன் முகத்தைப் பாருங்கள். 'ஆனை' என்று அது சொன்னால், "ஆமா, பெரிய யானை! தும்பிக்கையை ஆட்டிக்கிட்டு வருது" என்று ஒரு படி கூட்டிச் சொல்லுங்கள். 'ஆனை இல்லை, யானை' என்று திருத்த வேண்டாம். நீங்கள் சரியாகச் சொல்வதைக் கேட்டுக்கேட்டு அதுவே திருந்திக்கொள்ளும்.

இரண்டு வயதுக்கு மேல் சிறு கதை பிடிக்கும். ஒரே கதையை இருபது நாள் தொடர்ந்து கேட்கும். நமக்கு அலுப்பாக இருக்கும், அதற்கு இருக்காது. தெரிந்த கதை தெரிந்தபடியே நடப்பதில் குழந்தைக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஒரு வரியை மாற்றிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்ளும். அந்த நாளில், கதை அதன் மனத்தில் இறங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நேரம் பத்து நிமிடம் போதும். குழந்தை எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள். நாளைக்குத் திரும்ப வரும். எழுத்துச் சொல்லித்தரும் பாடமாக இதை மாற்றினால் புத்தகத்தைக் கண்டாலே ஓடத் தொடங்கிவிடும்.

எந்தப் புத்தகங்கள்?

குழந்தைகளுக்கான படப்புத்தகம் என்றால் வெளிநாட்டு ஆங்கிலப் புத்தகம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. உண்மையில் இந்தியாவின் சிறந்த படப்புத்தகப் பதிப்பகங்களில் ஒன்றான துளிகா நம் சென்னையில்தான் இருக்கிறது. 1996 முதல் இயங்கும் இந்தப் பதிப்பகம் தமிழ், ஆங்கிலம், இந்தி உள்ளிட்ட பல மொழிகளில் குழந்தைப் புத்தகங்களை வெளியிடுகிறது. பெங்களூருவைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2004-இல் தொடங்கப்பட்டது. குறைந்த விலையில் தமிழிலும் புத்தகம் தருகிறது. இவ்விரண்டின் பட்டியலிலிருந்து நம் வீடுகளுக்குப் பொருந்தும் சிலவற்றைப் பார்ப்போம்.

1. கஜபதி குலபதி

அசோக் ராஜகோபாலன் எழுதி, படமும் வரைந்த துளிகா வெளியீடு. ஊரில் எல்லோருக்கும் பிரியமான பெரிய யானைக்குச் சளி பிடித்துவிடுகிறது. அது தும்மினால் என்ன ஆகும் என்பதுதான் கதை. யானையின் நீளமான பெயரே குழந்தைக்கு ஒரு விளையாட்டு. இரண்டு வயதுக் குழந்தை அந்தப் பெயரைச் சொல்ல முயலும்போது வீடே சிரிக்கும். தும்மல் பக்கம் வந்ததும் நீங்களும் பலமாகத் தும்மிக் காட்டி, 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்லுங்கள். குழந்தை கேட்டுக்கொண்டிருக்கும். அடுத்த முறை நிஜமாகத் தும்மும்போது உங்களுக்கு முன்னால் அது சொல்லிவிடக்கூடும். தும்மியவருக்குப் பதிலாக 'யர்ஹமுகல்லாஹ்' சொல்லவும் இதே பக்கத்தில் பழக்கிவிடலாம்.

2. அம்மாவின் புடவை பற்றிய புத்தகம்

சந்தியா ராவ் எழுதி, நீனா சப்னானி படம் அமைத்த 'மை மதர்ஸ் சாரி' 2006-இல் வெளிவந்தது. ஒரு குழந்தையின் கையில் புடவை என்னவெல்லாம் ஆகிறது என்பதுதான் முழுப் புத்தகமும். உண்மையான புடவைகளின் வண்ணமும் பூவேலையும் பக்கமெங்கும் விரிந்திருக்கும். வாசித்து முடித்ததும் உம்மாவின் துப்பட்டாவை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள். கூடாரம், ஆறு, ரயில் என்று அதுவே கதையைத் தொடரும். தொழுகைத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உம்மாவின் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கு இந்தப் புத்தகம் உடனே புரிந்துவிடும்.

3. மாவு பிசையும் வேளையில்

நந்தினி நாயர் எழுதி, புரோயித்தி ராய் வரைந்த 'வாட் ஷல் ஐ மேக்?' சமையலறையில் நடக்கும் கதை. சப்பாத்தி மாவு உருண்டை ஒரு சிறுவனின் கையில் விதவிதமான பிராணிகளாக மாறுகிறது. பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். ஒன்றரை வயதிலிருந்தே வாசிக்கலாம். மாலையில் ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஒரு சிட்டிகை மாவைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, கதையை நினைவிலிருந்து சொன்னாலே போதும். சமையல் நேரமும் கதை நேரமும் ஒன்றாகிவிடும்.

4. நிலாவுக்குத் தொப்பி

'தி மூன் அண்ட் தி கேப்' பிரதம் புக்ஸ் வெளியீடு. 'நோனி' என்ற புனைபெயரில் ரோகிணி நிலேகணி எழுதியது. சந்தையில் ஆசையாக வாங்கிய தொப்பியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இரவில் அது நிலாவின் தலைக்கு வந்து சேர்கிறது. ஜும்ஆவுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு அத்தாவின் கையைப் பிடித்துக் கிளம்பும் பிள்ளைக்கு இந்தக் கதை தன்னுடைய கதையாகவே தோன்றும். மொட்டைமாடியில் நிலாவைக் காட்டிச் சொல்ல ஏற்றது. ரமளான் பிறை பார்க்கும் நாளில் மறுபடியும் நினைவூட்டலாம்.

5. இஸ்மத்தின் பெருநாள்

ஃபௌசியா கிலானி வில்லியம்ஸ் எழுதி, புரோயித்தி ராய் படம் வரைந்த 'இஸ்மத்ஸ் ஈத்' துளிகா வெளியீடு. பெருநாளுக்கு இஸ்மத் வாங்கிய கால்சட்டை நீளமாக இருக்கிறது. அதைக் குட்டையாக்கித் தரும்படி மனைவி, தாய், மகள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். எல்லோரும் பெருநாள் வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். அதன் பிறகு நடப்பது வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். துருக்கி நாட்டுப்புறக் கதை ஒன்றைத் தழுவியது இது. கொஞ்சம் நீளமான கதை என்பதால் மூன்று வயதை நெருங்கும்போது எடுப்பது நல்லது. அதுவரை படங்களை மட்டும் பார்த்துச் சொல்லலாம்.

இந்தப் புத்தகத்துக்கு இன்னொரு மதிப்பும் இருக்கிறது. கதைப் புத்தகத்தில் தன் வீட்டைப் போன்ற ஒரு வீட்டை, தனக்குத் தெரிந்த பெருநாளை, சிரிப்பும் பாசமுமாகக் காணும் குழந்தை, 'நாமும் கதையில் வருகிறவர்கள்தான்' என்று உணர்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.

6. பசி தீராத கம்பளிப்பூச்சி

எரிக் கார்ல் 1969-இல் உருவாக்கிய 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' உலகம் முழுதும் மழலைகளின் முதல் புத்தகங்களில் ஒன்று. பூச்சி தின்ற ஒவ்வொரு பழத்திலும் பக்கத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். குழந்தை அதில் விரலை விட்டுப் பார்க்கும். எண்ணிக்கை, கிழமைகளின் பெயர், பழங்களின் பெயர் எல்லாம் விளையாட்டாக வந்துவிடும். கடைசியில் புழு வண்ணத்துப்பூச்சி ஆகிப் பறக்கும் பக்கத்தில் 'சுப்ஹானல்லாஹ்' என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துங்கள். படைத்தவனின் வல்லமையைச் சொல்ல இரண்டு வயதுக் குழந்தையிடம் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆங்கிலப் புத்தகம்தான் கையில் இருக்கிறது என்றாலும் கதையைத் தமிழில் சொல்வதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை.

இஸ்லாமியப் படப்புத்தகங்கள்

ஹெனா கான் எழுதி, மெஹ்ர்தோக்த் அமினி வரைந்த 'கோல்டன் டோம்ஸ் அண்ட் சில்வர் லேன்டர்ன்ஸ்' 2012-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒரு முஸ்லிம் வீட்டில் கண்ணில் படும் பொருட்களைக் கொண்டு நிறங்களைச் சொல்லித்தரும் புத்தகம் இது. சிவப்புக்குத் தொழுகை விரிப்பு, நீலத்துக்கு உம்மாவின் ஹிஜாப், பழுப்புக்குப் பேரீச்சம்பழம், ஆரஞ்சுக்கு மருதாணி. விலை கூடுதலாக இருக்கலாம். புத்தகம் கிடைக்காவிட்டாலும் அந்த யோசனையை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, இருப்பதைக் கொண்டே நிறம் சொல்லுங்கள்.

டெல்லியின் குட்வர்ட் புக்ஸ், சானியஸ்னைன் கான் எழுதிய குர்ஆன் கதைப் புத்தகங்களை வண்ணப் படங்களோடு ஆங்கிலத்தில் வெளியிடுகிறது. இவற்றின் வரிகள் மழலைகளுக்கு நீளமானவை. படத்தைக் காட்டி நம் மொழியில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் போதும். நபிமார்களின் உருவங்களை வரையாத புத்தகங்களையே தேர்ந்தெடுங்கள். நல்ல இஸ்லாமியப் பதிப்பகங்கள் இதில் கவனமாகவே இருக்கின்றன.

சாதாரண விலங்குப் படப்புத்தகத்தையும் மார்க்கத்தோடு இணைக்கலாம். பசு, யானை, தேனீ, எறும்பு, சிலந்தி ஆகிய ஐந்தும் குர்ஆனில் அத்தியாயங்களின் பெயர்களாகவே இருக்கின்றன. எறும்புப் படம் வந்தால், எறும்பு பேசியதைக் கேட்டுப் புன்னகைத்த சுலைமான் (அலை) அவர்களைப் பற்றி ஒரு வரி. யானைப் படம் வந்தால் கஅபாவை இடிக்க வந்த யானைப் படை பற்றி, இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு. குழந்தையின் வயதுக்கு மீறிய அச்சத்தை மட்டும் ஊட்டிவிட வேண்டாம்.

எழுத்தை அல்ல, வீட்டுப் பேச்சை வாசியுங்கள்

புத்தகத்தில் 'பாட்டி' என்று அச்சாகியிருக்கும். உங்கள் வீட்டில் நன்னி என்றோ, ராதிமா என்றோ, தாதி என்றோ அழைப்பீர்கள். அப்படியே மாற்றி வாசியுங்கள். 'அப்பா' என்ற இடத்தில் அத்தாவோ வாப்பாவோ வரட்டும். படத்தில் இருக்கும் பையனுக்கு உங்கள் பிள்ளையின் பெயரையே வைத்துவிடலாம். மழலைக்குப் புத்தகம் அந்நியமாக இருக்கக் கூடாது.

நமது பகுதியில் வீட்டில் உருது பேசும் குடும்பங்களும் கணிசமாக உண்டு. பல உம்மாக்களுக்குப் பேச்சு உருது, பள்ளிப் படிப்பு தமிழ், பிள்ளைக்கு நினைத்திருப்பது ஆங்கிலம். எந்த மொழியில் வாசிப்பது என்று குழம்ப வேண்டாம். எந்த மொழியில் நீங்கள் கொஞ்சுவீர்களோ, கோபித்துக்கொள்வீர்களோ, துஆ கேட்பீர்களோ, அந்த மொழியில் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தாய்மொழியில் உறுதியாகப் பேசக் கற்ற குழந்தை மற்ற மொழிகளையும் பிறகு சிரமமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். எல்.கே.ஜி. நேர்காணலுக்காக இரண்டு வயதிலேயே ஆங்கிலப் பழப் பெயர்களை மனப்பாடம் செய்விப்பதை விட இது மேலானது.

படிக்கத் தெரியாத நன்னியும் படப்புத்தகம் வாசிக்கலாம். சொல்லப்போனால் அவர்கள்தான் நன்றாக வாசிப்பார்கள். எழுத்தைப் பார்க்காமல் படத்தையும் பேரப்பிள்ளையின் முகத்தையும் பார்ப்பதால், ஒரே படத்திலிருந்து பத்துக் கதை வரும். அவர்கள் பாடும் தாலாட்டும் சேர்ந்துகொள்ளும்.

சவூதியிலோ துபாயிலோ இருக்கும் சபுராளித் தந்தைமார்களும் இதில் பங்கெடுக்கலாம். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் திரையிலிருந்து விலக்கச் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும், 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குடும்பத்தாரோடு பேசும் வீடியோ அழைப்புக்கு விதிவிலக்கு அளித்தது. புத்தகத்தின் பக்கங்களைப் படம் எடுத்து அத்தாவுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கிருந்து அவர் வாசிக்க, இங்கே குழந்தை பக்கத்தைத் திருப்பட்டும். 'சாப்பிட்டியா, தூங்கினியா' என்பதோடு முடிந்துவிடும் அழைப்பு, ஒரு கதையாக நீளும்.

உருவப்படம் கூடுமா?

உயிருள்ளவற்றின் படங்கள் இருக்கும் புத்தகத்தை வீட்டில் வைக்கலாமா என்ற கேள்வி நம் பெற்றோர் பலருக்கு இருக்கிறது. நியாயமான கேள்விதான். உருவம் வரைவது தொடர்பாக அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்கள் விஷயத்தில் பல அறிஞர்கள் சலுகை அளித்துள்ளார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், அவற்றில் இறக்கை வைத்த குதிரை ஒன்றைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் விசாரித்துச் சிரித்ததையும் ஹதீஸ்களில் காண்கிறோம். அந்தச் சலுகையின் அடிப்படையில் கற்பிக்கும் படங்களையும் அனுமதிக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள்.

மனத்தில் தயக்கம் இருப்பவர்கள் உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதுவரை பழங்கள், மரங்கள், வாகனங்கள், வானம், கடல் என்று வரும் புத்தகங்களைப் பயன்படுத்தலாம். தயக்கத்தின் காரணமாகப் புத்தகத்தை முற்றாக ஒதுக்கிவிட்டு, அதே குழந்தையின் கையில் செல்போனைக் கொடுத்து, அதில் எண்ணற்ற உருவங்கள் ஓடுவதைக் காணாமல் இருந்துவிடுவதுதான் கவலைக்குரியது.

இன்னொரு சின்னச் செய்தி. குழந்தையின் புத்தகம் கிழியலாம், கசங்கலாம், தரையில் கிடக்கலாம். ஆனால் குர்ஆன் உயரமான இடத்தில் இருக்கிறது, உளூச் செய்துவிட்டு எடுக்கிறோம், ரிஹாலில் வைத்து ஓதுகிறோம். இந்த வேறுபாட்டைக் குழந்தை தானாகக் கவனித்துக் கற்றுக்கொள்ளும். புத்தகம் என்றாலே என்னவென்று தெரியாத பிள்ளைக்கு அந்தக் கண்ணியத்தை விளக்குவதுதான் கடினம்.

எங்கே வாங்குவது? எப்படிச் சிக்கனமாகப் பெறுவது?

காசு செலவில்லாமல் தொடங்க வழி இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் 'ஸ்டோரிவீவர்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. தமிழ் உட்பட ஏராளமான மொழிகளில் படக்கதைகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலைக் கதைகள் மழலைகளுக்கு ஏற்றவை. பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் உரிமம் அனுமதிக்கிறது. ஜெராக்ஸ் கடையில் வண்ண அச்சு எடுத்து, நடுவில் பின் அடித்தால் புத்தகம் தயார். குழந்தைக்குத் திரையைக் காட்டாமல் காகிதத்தைக் காட்டுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு, ஆண்டுதோறும் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி நல்ல வாய்ப்பு. 1977-இல் முதல் காட்சி நடந்தது அண்ணா சாலையில் உள்ள மதரசா-இ-ஆஜம் பள்ளி வளாகத்தில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அண்மை ஆண்டுகளாக மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன; நமது திருவள்ளூரிலும் நடக்கிறது. குழந்தையையே அழைத்துச் சென்று, அது கையில் எடுக்கும் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. விடுமுறை நாளில் ரயிலேறினால் பிள்ளைக்கு அது ஒரு நாள் சுற்றுலா. வெளிநாடுகளில் வாழும் நம்மவர்கள், லண்டனின் மந்த்ரா லிங்குவா பதிப்பகம் வெளியிடும் தமிழ் - ஆங்கில இருமொழிப் படப்புத்தகங்களைத் தேடிப் பார்க்கலாம்.

நிறையப் புத்தகம் வேண்டாம். ஐந்தாறு போதும். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைப்பதுதான் முக்கியம். அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருக்கும் புத்தகத்தால் பயனில்லை.

ஜமாஅத் செய்யக் கூடியது

1992-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 300 குடும்பங்களோடு 'புக்ஸ்டார்ட்' என்ற திட்டம் தொடங்கியது. கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் புத்தகத்தை இலவசமாகக் கொடுப்பது, அவ்வளவுதான். அது பிறகு நாடு தழுவிய திட்டமாக வளர்ந்தது. அதற்கும் முன்னரே, 1989-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில், பரிசோதனைக்கு வரும் குழந்தைக்கு மருத்துவரே ஒரு புத்தகத்தைக் கொடுத்தனுப்பும் வழக்கம் தொடங்கியது.

இவற்றைச் செய்ய நமக்குப் பெரிய நிதி தேவையில்லை. அகீகா விருந்துக்குப் போகும்போது பிளாஸ்டிக் பொம்மைக்குப் பதிலாக இரண்டு படப்புத்தகம் கொண்டு போகலாம். பெருநாள் காசில் ஒரு பகுதியைப் புத்தகமாகக் கொடுக்கலாம். மக்தப் மதரசாவின் ஒரு மூலையில் ஒரு பெட்டி வைத்து, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளின் புத்தகங்களைச் சேர்த்து, சிறு குழந்தை உள்ள வீடுகளுக்கு வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பெண்கள் பயான் நடக்கும் நாளில் உடன் வரும் மழலைகளுக்கு, ஒரு பாட்டியோ கல்லூரி மாணவியோ அரை மணி நேரம் கதை வாசித்துக் காட்டினால், உம்மாக்களும் நிம்மதியாக பயான் கேட்பார்கள்.

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களுக்கு இருந்த பொறுப்புகளை விட நமக்குப் பெரிய வேலைகள் இல்லை. அவர்கள் ஒரு குழந்தையின் குருவியைப் பற்றி விசாரிக்க நேரம் ஒதுக்கினார்கள். அந்தக் குழந்தையின் அண்ணன் அதை மறக்காமல் உம்மத்துக்கு அறிவித்தார்.

இன்றிரவு செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பிள்ளையை மடியில் உட்கார வையுங்கள். புத்தகம் இல்லையென்றால் பால் பாக்கெட்டில் இருக்கும் படமோ, காலண்டர் படமோ போதும். "இது என்னம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள்.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், பயனுள்ள கல்வி உடையவர்களாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.